தீம் பார்க் ரிசார்ட்டில் தேனிலவு: அறையை முதலில் முடிவு செய்யுங்கள், பார்க்கை அப்புறம்

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் முடிந்த கையோடு ஏழு நாள் லீவு. சின்ன வயதிலிருந்தே உங்களுக்கு ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டு மேல் ஆசை. உங்கள் வருங்காலக் கணவருக்குக் கூட்டமும் வரிசையும் ஆகாது, "அது குழந்தைகள் போகிற இடம் இல்லையா" என்றும் கேட்கிறார். வளாகத்துக்குள் இருக்கும் ஹோட்டலில் தங்கினால் தேனிலவு மாதிரி இருக்குமா, அதற்குக் கொடுக்கிற காசு தகுமா, எத்தனை நாள் டிக்கெட் வாங்கலாம் என்பவை உங்கள் கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்களை உண்மையில் அரித்துக்கொண்டிருப்பது வேறு என்று நினைக்கிறேன். ஒருவர் ஆசையோடு முன்னால் ஓட, இன்னொருவர் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் வருகிற பயணமாக இது ஆகிவிடுமோ என்ற பயம்தானே அது?

டிஸ்னி வேர்ல்டு இருக்கும் ஆர்லாண்டோவுக்குப் பயணங்களைத் திட்டமிட்டுக் கொடுப்பது பல வருடமாக என் தொழில். புதிதாகக் கல்யாணமான ஜோடிகள் நிறையப் பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஆசை, ஒருவருக்குத் தயக்கம் என்பது அவர்களில் பாதிப் பேரின் கதை. திரும்பி வந்து வருத்தப்பட்டவர்கள் ரைடு சரியில்லை, சாப்பாடு சரியில்லை என்று சொல்வது அபூர்வம். "அசந்து போய்விட்டோம், மூன்றாம் நாளிலிருந்து ஒருத்தர் மேல் ஒருத்தர் எரிந்து விழுந்தோம்" என்றுதான் சொல்வார்கள். குடும்பங்களுக்காக எழுதப்பட்ட திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, காலை ஏழு மணியிலிருந்து இரவு பதினொன்று வரை பார்க்கிலேயே கிடந்தவர்கள் அவர்கள். தேனிலவுக்கு நான் சொல்வது நேர் எதிர்: உங்கள் தேனிலவு நடக்கப்போவது ஹோட்டலில். பார்க் என்பது அங்கிருந்து கிளம்பிப் போய்விட்டு வருகிற இடம். அறையை முதலில் முடிவு செய்யுங்கள், அதைச் சுற்றி மற்றதை அடுக்குங்கள். அப்போது அவருடைய தயக்கத்துக்கும் இடம் இருக்கும், உங்கள் ஆசைக்கும் இடம் இருக்கும்.

குழந்தைகள் இடமா என்றால், பாதி ஆமாம். மேஜிக் கிங்டம் பகல் நேரத்தில் குழந்தைகளை வைத்துத் தள்ளும் வண்டிகளால் நிரம்பி வழியும். அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் டிஸ்னி வேர்ல்டு அந்த ஒரு பார்க்கோடு முடிவதில்லை. 1971 அக்டோபரில் மேஜிக் கிங்டமும் இரண்டு ஹோட்டல்களுமாகத் தொடங்கியது. 1982இல் எப்காட், 1989இல் இன்று ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என்று பெயர் மாறியிருக்கும் பார்க், 1998இல் அனிமல் கிங்டம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மொத்த நிலம் சுமார் 25,000 ஏக்கர். அதில் ஏரிகளும் கால்வாய்களும் மரக்கூட்டங்களும் நிறைய. எப்காட்டின் பின்பாதியில் ஒரு பெரிய ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் அரங்குகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு சுற்று நடந்தால் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அங்கே ஓரிடத்தில் ஒரு தட்டு, இன்னோர் இடத்தில் ஒரு கோப்பை என்று வாங்கிப் பகிர்ந்துகொண்டு நடப்பது பெரியவர்களுக்கான பொழுதுபோக்குத்தான். கிராண்ட் ஃபுளோரிடியன் ஹோட்டலை ஒட்டி 1995 முதல் தனியாக ஒரு திருமண மண்டபமே இயங்குகிறது. கல்யாணம் செய்துகொள்ளவே அங்கே வருகிறார்கள். ஆகவே நீங்கள் இரண்டு பேர் மட்டும் போய் நின்றால் யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள்.

நாள் கணக்கு. ஏழு இரவு தங்குவதென்றால் நான்கு நாள் டிக்கெட் போதும். இன்னும் சொன்னால், அவருக்கு ஆர்வம் குறைவு என்கிறீர்கள், மூன்று கூடப் போதும். சாதாரண நான்கு நாள் டிக்கெட்டைத் தொடங்கும் தேதியிலிருந்து ஏழு நாளுக்குள் விட்டுவிட்டுப் பயன்படுத்தலாம், தொடர்ந்து போக வேண்டிய கட்டாயம் இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. போய் இறங்குகிற நாளில் பார்க் வேண்டாம். கல்யாண வேலைகளின் களைப்பு, விமானக் களைப்பு இரண்டும் அன்றைக்குத்தான் சேர்ந்து வந்து அழுத்தும். அன்று குளித்து, சாப்பிட்டு, தூங்குங்கள். மறுநாள் ஒரு பார்க், அதற்கடுத்த நாள் ஓய்வு என்று ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். பார்க் நாளில்கூட நாள் முழுக்க அங்கே இருக்காதீர்கள். வளாக ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு நான்கு பார்க்குகளிலும் தினமும் பொது நேரத்துக்கு அரை மணி முன்னால் நுழைய அனுமதி உண்டு. அந்த அரை மணியையும் அடுத்த இரண்டு மணி நேரத்தையும் பயன்படுத்திக்கொண்டால் பெரிய ரைடுகள் இரண்டு மூன்று முடிந்துவிடும். பதினொன்றரை, பன்னிரண்டுக்கு வெயிலும் கூட்டமும் சேர்ந்து ஏறும்போது அறைக்குத் திரும்பிவிடுங்கள். நீச்சல் குளம், ஒரு தூக்கம், அப்புறம் மாலை ஆறு மணிக்குப் புது உடுப்பில் மறுபடி கிளம்பலாம். ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர் நடப்பது அங்கே சர்வ சாதாரணம். நடுவில் படுத்து எழுந்தவர்களுக்கும் எழாதவர்களுக்கும் இரவு ஒன்பது மணிக்கு முகத்திலேயே வித்தியாசம் தெரியும்.

இந்த மத்தியானத் திரும்பல்தான் வளாகத்துக்குள் தங்குவதற்கு நான் காணும் முதல் காரணம். வெளி ஹோட்டலில் தங்கினால் கார் நிறுத்தத்துக்கு நடந்து, ஓட்டிப் போய், மறுபடி வருவதற்குள் ஓய்வெடுத்த பலன் போய்விடும். ஆனால் உள்ளே தங்கினாலும் எல்லா ஹோட்டலும் இதற்கு ஒன்றுபோல் உதவாது. ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கும்போது அறையின் படத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இரவு பார்க் மூடியதும் நாங்கள் எப்படித் திரும்புவோம்? வாணவேடிக்கை முடிந்த அடுத்த நிமிடம் பார்க்கில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே வாசலை நோக்கி நகர்வார்கள். பேருந்துக்கும் மோனோரெயிலுக்கும் படகுக்கும் நீண்ட வரிசை. கன்டெம்பொரரி ஹோட்டலில் தங்குகிறவர்களோ மேஜிக் கிங்டம் வாசலைத் தாண்டியதும் இடது பக்கம் திரும்பி, பேருந்து நிறுத்தத்தைக் கடந்து, நடைபாதையில் பத்து நிமிடத்தில் அறைக்குப் போய்விடுவார்கள். அதே போல போர்டுவாக், பீச் கிளப், யாட் கிளப் ஹோட்டல்களிலிருந்து எப்காட்டின் பின்வாசல் ஐந்து பத்து நிமிட நடை. ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்குப் படகு உண்டு, நடந்தும் போகலாம். கூட்டம் ஆகாதவருக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

விலைப்படி வளாக ஹோட்டல்களை வேல்யூ, மாடரேட், டீலக்ஸ் என்று பிரித்திருக்கிறார்கள். வில்லாக்கள் தனி. நாளுக்கு நாள் விலை மாறும், ஆகவே இதைக் குத்துமதிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: வேல்யூ அறை ஓர் இரவுக்கு 200 டாலருக்கு அக்கம்பக்கம், மாடரேட் 300ஐ ஒட்டி, டீலக்ஸ் 500ஐ ஒட்டித் தொடங்கிக் கூட்டமான வாரங்களில் ஆயிரத்தைத் தொடும். இதற்கு மேல் பெரும்பாலான ஹோட்டல்களில் 12.5 சதவீதம் வரி. விளம்பர விலையில் அது சேர்ந்திருக்காது. அதே சமயம் டிஸ்னியே நடத்தும் ஹோட்டல்களில் வெளி ஹோட்டல்களைப் போல ரிசார்ட் கட்டணம் என்று தனியாகப் பிடுங்குவதில்லை, கார் நிறுத்தவும் காசில்லை. வெளி ஹோட்டலோடு விலை ஒப்பிடும்போது இந்த இரண்டையும் கணக்கில் சேருங்கள். இல்லாவிட்டால் வித்தியாசம் இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றும்.

வேல்யூவில் பாப் செஞ்சுரி நல்ல தேர்வு. ஸ்கைலைனர் என்ற கேபிள் கார் 2019 முதல் அங்கிருந்து ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் எப்காட்டுக்கும் போகிறது. கூட்டமில்லாத நேரமென்றால் பெரும்பாலும் உங்கள் இருவருக்கு மட்டும் ஒரு பெட்டி கிடைத்துவிடும். சாயங்கால வெளிச்சத்தில் ஏரிக்கு மேலே அப்படிப் போவது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், டிக்கெட்டும் கிடையாது. இடி மின்னல் வந்தால் நிறுத்திவிடுவார்கள், அப்போது பேருந்துதான். பாப் செஞ்சுரியின் குறை, அறைகள் சிறியவை, பள்ளிக் குழந்தைக் குழுக்கள் வந்தால் சத்தம் அதிகம். மாடரேட்டில் தேனிலவுக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது போர்ட் ஆர்லியன்ஸ் ஃபிரெஞ்ச் குவார்ட்டர். மற்ற மாடரேட்டுகளைவிடச் சிறியது, எங்கிருந்தும் எங்கும் நடந்துவிடலாம், ஆற்றோரம் விளக்குக் கம்பங்களோடு அமைதியாக இருக்கும். டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதிக்கு அங்கிருந்து படகு போகும். பார்க்குகளுக்கு மட்டும் பேருந்தை நம்பித்தான் ஆக வேண்டும்.

டீலக்ஸில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கணவருக்கு அதுதான் பொருந்தும் என்று படுகிறது. அனிமல் கிங்டம் லாட்ஜ். பார்க்குகளிலிருந்து தள்ளி இருக்கிறது, எங்கே போகவும் பேருந்து அல்லது கார். ஆனால் ஹோட்டலைச் சுற்றிலும் ஆப்பிரிக்கப் புல்வெளி போல அமைத்து, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, மான் வகைகள், பறவைகள் என்று இருநூறுக்கும் மேற்பட்டவற்றை விட்டிருக்கிறார்கள். காலையில் எழுந்து காப்பியோடு பால்கனிக்கு வந்தால், எதிரில் ஓர் ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டித் தழையை இழுத்துக்கொண்டிருக்கும். நாக்கு எவ்வளவு நீளம், எவ்வளவு கறுப்பு என்பது வரை தெரிகிற தூரம். அவசரமில்லாத ஓய்வு நாளுக்கு இதைவிட நல்ல இடம் வளாகத்தில் இல்லை என்பது என் கருத்து. இதில் ஒரு கண்ணி உண்டு. அந்த ஹோட்டலில் எல்லா அறைக்கும் புல்வெளி தெரியாது. விலை குறைவான அறைகள் குளத்தையோ கார் நிறுத்தத்தையோ பார்த்திருக்கும். "சவன்னா வியூ" என்ற வகையைப் பெயர் சொல்லியே புக் செய்யுங்கள். அப்படிச் செய்தாலும் குறிப்பிட்ட விலங்கு உங்கள் பால்கனி முன்னால் வந்து நிற்கும் என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது.

ஏழு இரவும் டீலக்ஸில் தங்கக் கட்டுப்படியாகவில்லை என்றால் பிரித்துத் தங்குங்கள். முதல் நான்கு இரவு பாப் செஞ்சுரியிலோ ஃபிரெஞ்ச் குவார்ட்டரிலோ தங்கி இரண்டு பார்க் நாளை முடித்துவிட்டு, கடைசி மூன்று இரவை லாட்ஜில் வைத்துக்கொள்ளலாம். ஹோட்டல் மாறும் நாளில் பெட்டிகளை அவர்களே ஒரு ஹோட்டலிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள், அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் காலை பதினொரு மணிக்கு ஓர் அறையைக் காலி செய்து பிற்பகல் மூன்று நான்கு மணிக்குத்தான் அடுத்தது கைக்கு வரும். அந்த இடைவெளிக்கு ஒரு நல்ல மதியச் சாப்பாட்டை வைத்துவிடுங்கள்.

கட்டில் விஷயத்தை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் நான் சொல்கிறேன். இந்த ஹோட்டல்கள் குடும்பங்களை நினைத்துக் கட்டியவை. சாதாரண அறையில் இரண்டு குவீன் கட்டில்கள் இருக்கும். வேல்யூ அறைகள் பலவற்றில் ஒன்று கட்டில், இன்னொன்று பகலில் மேசையாகவும் இரவில் படுக்கையாகவும் மடக்கி விரிக்கிற வகை. ஒரே பெரிய கட்டில் வேண்டுமென்றால் கிங் கட்டில் என்று தனி வகையாகவே பட்டியலில் இருக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும். குறிப்பில் எழுதிவைத்துக் கேட்டால் கொடுக்க முயல்வார்கள், நிச்சயம் கிடையாது. அதே குறிப்பில் மேல் மாடி, லிஃப்டிலிருந்து தள்ளி, பக்கத்து அறைக்கு இடைக்கதவு இல்லாதது என்று மூன்றையும் எழுதுங்கள். இடைக்கதவு வழியாகத்தான் அடுத்த அறைக் குழந்தை அழுவது அப்படியே கேட்கும்.

வரிசைக்கு வருவோம். வரிசையைத் தாண்டிப் போக உதவிய பழைய இலவச ஃபாஸ்ட்பாஸ் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக லைட்னிங் லேன் என்று காசு கொடுத்து வாங்குகிற முறை. 2024 ஜூலையிலிருந்து இதில் முக்கியமானவை இரண்டு வகை: பல ரைடுகளுக்குச் சேர்த்து வாங்குவது மல்ட்டி பாஸ், அதிகம் அடிபடுகிற ஒன்றிரண்டு ரைடுகளுக்குத் தனித்தனியாக வாங்குவது சிங்கிள் பாஸ். வளாக ஹோட்டலில் தங்குகிறவர்கள் தங்கல் தொடங்குவதற்கு ஏழு நாள் முன்பிருந்தே தங்கல் முழுவதற்கும் நேரம் எடுத்துவைக்கலாம். மற்றவர்களுக்கு மூன்று நாள் முன்புதான் திறக்கும். விலை தேதிக்கும் பார்க்குக்கும் ஏற்ப மாறும். கூட்டம் ஆகாதவரோடு போகிறீர்கள், நான்கு நாளும் வாங்கத் தேவையில்லை, ஆனால் மேஜிக் கிங்டம், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் இரண்டுக்கும் வாங்கிவிடுங்கள். அனிமல் கிங்டமில் காலை முதல் ஆளாக நுழைந்தால் தேவைப்படாது. சஃபாரி வண்டியில் போய்ப் பார்க்கும் விலங்குகளும் காலையில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். எப்காட்டில் பாதி நாள் நடையிலேயே போய்விடும். சில ரைடுகளில் சிங்கிள் ரைடர் என்று தனி வரிசை உண்டு, சீக்கிரம் நகரும். ஆனால் உங்கள் இருவரையும் பிரித்து வெவ்வேறு ஆட்களோடு உட்கார வைப்பார்கள். தேனிலவில் அந்தச் சுருக்கு வழி வேண்டாம்.

இந்த இந்தத் தேதியில் கூட்டம் இவ்வளவு இருக்கும் என்று நாட்காட்டி போட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமைக்கு அது எப்படி இருக்கும் என்பதை அவர்களாலும் உறுதியாகச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. மொத்தப் போக்கைச் சொல்லலாம். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை, பிப்ரவரி நடுவில் வரும் விடுமுறை வாரம், மார்ச் நடுவிலிருந்து ஈஸ்டர் வரை, நவம்பரின் நன்றி நவிலல் வாரம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். ஜனவரி தொடக்கத்தில் டிஸ்னி நடத்தும் மாரத்தான் ஓட்டம் முடிந்த பிறகான இரண்டு வாரம், ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர், டிசம்பர் முதல் வாரம் ஆகியவை பொதுவாக லேசானவை. செப்டம்பரில் கூட்டமும் விலையும் குறைவு என்றாலும் வெயிலும் புழுக்கமும் உச்சத்தில் இருக்கும். பிற்பகலில் இடி மழை வரும், வந்தால் வெளி ரைடுகள் நிற்கும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலமும்கூட. ஆர்லாண்டோ பகுதிக்கோ நீங்கள் வசிக்கும் பகுதிக்கோ, நீங்கள் போய்ச் சேரவேண்டிய தேதிக்கு முந்திய ஏழு நாளுக்குள் சூறாவளி எச்சரிக்கை வந்தால், டிஸ்னியிடம் நேரடியாகச் செய்த அறை புக்கிங்கை அபராதமின்றி மாற்றவோ ரத்து செய்யவோ முடியும். விமான டிக்கெட்டுக்கு அது பொருந்தாது, அதற்குத் தனிக் காப்பீடு பாருங்கள். கல்யாணத் தேதி உங்கள் கையில் இல்லை என்றால், தேனிலவை இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போடுவதில் தவறே இல்லை. கல்யாணக் களைப்பும் அதற்குள் தீர்ந்திருக்கும்.

சாப்பாட்டில் மட்டும் முன்கூட்டியே ஓடத்தான் வேண்டும். உட்கார்ந்து சாப்பிடும் நல்ல உணவகங்களுக்கு 60 நாள் முன்னால் புக்கிங் திறக்கும். வளாக ஹோட்டலில் தங்குகிறவர்கள் போய்ச் சேரும் நாளிலிருந்து கணக்கிட்டு அடுத்த பத்து நாளுக்கும் சேர்த்தே அன்றைக்கு எடுத்துவிடலாம். தேனிலவுக்கு மூன்று சாப்பாடு புக் செய்தால் போதும், மற்றதெல்லாம் போகிற போக்கில். ஒன்று, கன்டெம்பொரரியின் 15ஆம் மாடியில் இருக்கும் கலிஃபோர்னியா கிரில். அங்கே உட்கார்ந்தபடி மேஜிக் கிங்டமின் வாணவேடிக்கையைப் பார்க்கலாம். விலை அதிகம், ஆனால் கூட்டத்தில் தோளோடு தோள் இடிக்காமல் பார்க்கிற வழி அது. இன்னொன்று, அனிமல் கிங்டம் லாட்ஜில் இருக்கும் சனா. ஆப்பிரிக்கச் சமையலும் இந்தியச் சமையலும் கலந்தது. நான், பனீர் பராட்டா போன்ற ரொட்டிகளைத் தேர்ந்தெடுத்தால் மாங்காய்ச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, ரய்த்தா, ஊறுகாய் என்று தொட்டுக்கொள்ள ஒன்பது வகை கிண்ணங்களில் வரும். ஜன்னலுக்கு வெளியே வரிக்குதிரை மேயும். அந்த ஹோட்டலில் தங்காதவர்களும் போகலாம். பர்கரும் பீட்சாவும் திகட்டிப்போகிற நான்காம் நாளுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது இடம் உங்கள் விருப்பம். பெரிய செலவுக்குத் தயாரென்றால் கிராண்ட் ஃபுளோரிடியனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ் இருக்கிறது. உயர்தர உணவகங்களுக்குத் தரும் மிச்சலின் நட்சத்திரத்தை 2024இல் பெற்ற உணவகம், பத்து வயதுக்குக் கீழே குழந்தைகளுக்கு அனுமதி இல்லை, உடை விதியும் உண்டு. நீங்கள் சைவம் என்றால் மெனுவில் இலைக் குறி போட்டவை முழுத் தாவர உணவுகள். குறி இல்லாதவற்றில் கோழி ரசத்தில் வேகவைத்தவை இருக்கலாம், ஒவ்வொரு முறையும் கேட்டுவிடுங்கள், முகம் சுளிக்காமல் சொல்வார்கள்.

தேனிலவுக்கு வந்திருக்கிறோம் என்பதை அறை புக் செய்யும்போதும் உணவகம் புக் செய்யும்போதும் குறிப்பிடுங்கள். ஹோட்டல் முகப்பிலோ பார்க்கின் விருந்தினர் அலுவலகத்திலோ கேட்டால் கொண்டாட்ட பட்டன் இலவசமாகத் தருவார்கள். அதைச் சட்டையில் குத்திக்கொண்டு நடந்தால் நாள் முழுக்க ஊழியர்கள் வாழ்த்திக்கொண்டே இருப்பார்கள். உங்களுக்கு அது குதூகலம், அவருக்கு ஒருவேளை கூச்சமாக இருக்கலாம், முதல் நாளே கேட்டுவிடுங்கள். இதைக் காட்டினால் பெரிய அறை கிடைக்கும், சிறப்பு அனுமதி கிடைக்கும் என்று பரவலாக ஒரு பேச்சு உண்டு. கிடைத்தவர்களும் உண்டு, கிடைக்காதவர்கள் மிக அதிகம். அதை நம்பி மலிவான அறையை எடுக்காதீர்கள்.

அவருக்கு இன்னும் மனசில்லை என்றால் பயணத்தைப் பாதி பாதியாக்கலாம். நான்கு இரவு டிஸ்னி, அப்புறம் மூன்று இரவு கடல். ஆர்லாண்டோவிலிருந்து கிழக்கே கார் பயணம் சுமார் ஒரு மணி நேரம், கோகோ பீச் வந்துவிடும். பக்கத்திலேயே போர்ட் கனாவரல் துறைமுகத்திலிருந்து மூன்று நான்கு இரவுக் கப்பல் பயணங்கள் கிளம்புகின்றன. விண்வெளியில் ஆர்வம் உள்ளவரென்றால் கென்னடி விண்வெளி மையமும் அந்தப் பக்கம்தான். வேகமான ரைடுகள்தான் அவருக்குப் பிடிக்கும் என்றால் ஆர்லாண்டோவிலேயே இருக்கும் இன்னொரு தீம் பார்க் வளாகமான யூனிவர்சலைப் பாருங்கள். அங்கே போர்ட்டோஃபினோ பே என்று இத்தாலியக் கடலோரச் சிற்றூரைப் போலக் கட்டிய ஹோட்டல் ஒன்று இருக்கிறது. அதில் தங்கினால் பழைய இரண்டு பார்க்குகளில் வரிசை தாண்டும் எக்ஸ்பிரஸ் பாஸ் அறையோடு சேர்ந்தே வரும். 2025 மே மாதம் திறந்த எப்பிக் யூனிவர்ஸ் பார்க்குக்கு அது செல்லாது, இதைத் தெரியாமல் போய் ஏமாறாதீர்கள். அமெரிக்காதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் டோக்கியோ டிஸ்னிசீயையும் யோசிக்கலாம். மிராகோஸ்டா என்ற ஹோட்டல் பார்க்குக்குள்ளேயே இருக்கிறது, சில அறைகளின் ஜன்னலிலிருந்து பார்க்கின் துறைமுகம் தெரியும். ஆனால் எனக்கு நன்றாகத் தெரிந்தது ஆர்லாண்டோ. டோக்கியோவுக்கு அங்கே அடிக்கடி போகிறவர்களிடம் கேட்பதுதான் உங்களுக்கு நல்லது.

புக்கிங் வரிசை இப்படி: முதலில் அறை. டிக்கெட் சேர்க்காமல் அறையை மட்டும் நேரடியாக எடுத்தால் ஓர் இரவு வாடகை முன்பணம், போய்ச் சேரும் நாளுக்கு ஐந்து நாள் முன்பு வரை ரத்து செய்தால் அது திரும்ப வரும். ஆகவே தேதி தோராயமாகத் தெரிந்தவுடனேயே எடுத்துவைக்கலாம், தள்ளுபடி வந்தால் மாற்றிக்கொள்ளலாம். டிஸ்னி வில்லாக்களில் தங்கும் உரிமையை முன்கூட்டியே வாங்கிப் புள்ளிகளாக வைத்திருக்கும் உறுப்பினர்களிடமிருந்து அந்தப் புள்ளிகளை வாடகைக்கு எடுத்து டீலக்ஸ் வில்லாவில் குறைந்த விலைக்குத் தங்குகிற வழியும் உண்டு. மிச்சம் கணிசமானது. ஆனால் ரத்து செய்தால் பெரும்பாலும் பணம் போனதுதான், விசா இன்னும் கைக்கு வராதவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். விசா கிடைக்குமா, எத்தனை நாளாகும் என்பதெல்லாம் நான் சொல்லக்கூடியவை அல்ல, தூதரகத் தளத்தில் மட்டும் பாருங்கள். அறைக்கு அப்புறம் விமானம், 60ஆம் நாளில் சாப்பாடு, அப்புறம் பார்க் டிக்கெட், ஏழாம் நாளில் லைட்னிங் லேன். டிக்கெட்டைக் கடைசி வரை தள்ளாதீர்கள், லைட்னிங் லேன் எடுக்க அது கையில் இருக்க வேண்டும். விலையும் தேதியைப் பொறுத்தது: ஒரு நாள் டிக்கெட் 100 டாலருக்கு மேல், கூட்டமான நாள்களில் 200ஐ ஒட்டி வரும், நாள்கள் கூடக்கூட ஒரு நாளுக்கான சராசரி குறையும். ஒரே நாளில் பல பார்க்குகளுக்குத் தாவுகிற ஹாப்பர் சேர்க்கை உங்களுக்கு வேண்டாம். போர்டுவாக் பக்கம் தங்கி, மாலைதோறும் எப்காட்டுக்கு நடந்துபோக ஆசைப்பட்டால் மட்டும் சேருங்கள்.

விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு முன்பு இலவசப் பேருந்து இருந்தது, 2022 தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். இப்போது காசு கொடுத்துப் போகும் பகிர்வு வண்டியோ ஆப் வழி அழைக்கும் காரோதான். இரண்டு பேருக்குக் காரே சௌகரியம், அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும். இன்னொன்று, விமான டிக்கெட்டில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்வதாக இருந்தால், பாஸ்போர்ட்டை மாற்றுகிற வேலையைப் பயணம் முடிந்து வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல், டிக்கெட், ஆப் கணக்கு எல்லாவற்றிலும் அதே பெயரையே கொடுங்கள். எந்த மாதம் என்று முடிவானதும் இங்கேயே எழுதுங்கள், ஓர் இரவுக்கு எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்பதையும் சேர்த்து. எந்த ஹோட்டலில் எந்த வகை அறை என்று சொல்கிறேன்.